நானூற்று எண்பதுதான் பெரியது

ஜனவரி 18, ஞாயிறு

இந்த டைரி, உரக்கடைக்காரர் என் வீட்டுக்காரருக்குப் புத்தாண்டுக்குக் கொடுத்தது. முதல் பக்கத்தில் பெயர், வண்டி எண், ரத்த வகை எல்லாம் நிரப்பச் சொல்லியிருக்கிறது. அவர் ‘நாச்சிமுத்து’ என்று பெயரை மட்டும் எழுதிவிட்டு டைரியையே மறந்துவிட்டார். அதை அடித்துவிட்டு ‘சாந்தாமணி’ என்று எழுதிக்கொண்டேன். ரத்த வகையை எழுதவில்லை. இன்றைக்கு அது கொதிப்பதால் வகை தெரியவில்லை.

எங்களுடையது முத்து வீடியோ விஷன், உடுமலை. கல்யாணம், சீர், காதுகுத்து, புதுமனை புகுவிழா. கேமரா அவர், எடிட்டிங் நான். அவர் எடுத்து வந்த கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி, ஒட்டி, மணப்பெண் தலைமேல் ரோஜாப்பூ பறக்கவிட்டு, சிடியாக்கிக் கையில் கொடுப்பது வரை என் வேலை. கேமராவையும் கம்ப்யூட்டரையும் இணைக்க ஒரு வயர் உண்டு. பயர்வயர் என்று பெயர். அதைச் சொருகுவதற்கென்று கம்ப்யூட்டருக்குள் ஒரு கார்டு. மூன்று வருஷமாக எங்கள் வீட்டுச் சோறு அந்த வயர் வழியாகத்தான் வருகிறது.

இன்று காலை மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பினால், ஸ்டுடியோவில் என் கம்ப்யூட்டர் வயிறு திறந்து கிடக்கிறது. ஒரு பக்கம் ஸ்குரூ டிரைவரோடு இவர். இன்னொரு பக்கம் கோயமுத்தூரிலிருந்து வந்த கடைக்காரன், ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக டை கட்டிக்கொண்டு. என் பயர்வயர் கார்டைக் கழற்றி ஒரு சோன்பப்டி டப்பாவில் போட்டு வைத்திருந்தார்கள். மூடிகூடப் போடவில்லை.

“ஏனுங்க, என்ன பண்றீங்க?”

“புதுசு போடறோம் அம்மிணி. யூஎஸ்பி டூ. நானூத்தி எம்பது.”

“என்ன நானூத்தி எம்பது?”

“வேகம். உன்றது வெறும் நானூறுதான்.”

உன்றது! மூன்று வருஷம் நம்முடையதாக இருந்த கார்டு, கழற்றி வைத்ததும் என்னுடையதாகிவிட்டது.

டைக்காரன் புதுக் கேமரா ஒன்றையும் இவர் தலையில் கட்டியிருந்தான். அதில் யூஎஸ்பி ஓட்டை இருக்கிறதாம். “இனிமே அக்காவத் தொந்தரவு பண்ணோணும்னே இல்லீங்ணா. வயரச் சொருகினா தன்னால ஏறிக்கும். யாரு வேணா பண்ணலாம்” என்றான். இவர் சிரித்தார். சிரித்ததை இங்கே குறித்து வைக்கிறேன். வேறொன்றும் இல்லை.

இரண்டு சேலை, சோன்பப்டி டப்பா, பயர்வயர் கேபிள். பையை எடுத்துக்கொண்டு தாராபுரம் பஸ் ஏறிவிட்டேன். கோபித்துக்கொண்டெல்லாம் வரவில்லை. அம்மாவைப் பார்த்து நாளாயிற்று. கார்டை ஏன் எடுத்து வந்தேன் என்றால், மூடி இல்லாத டப்பாவில் தூசி படும்.

ஜனவரி 19, திங்கள்

டப்பாவைப் பார்த்ததும் அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. திறந்து பார்த்துவிட்டு, “இதத் திங்க முடியாதே” என்றாள்.

ஜனவரி 20, செவ்வாய்

அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். தாராபுரத்துக்கு டிரங்கால் வந்த காலத்தில் பாதி ஊரின் சண்டையை ஒட்டுக்கேட்டவள். அதனால் இணைப்பைப் பற்றிச் சொன்னால் புரியும் என்று நினைத்து, பயர்வயருக்கும் யூஎஸ்பிக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினேன்.

“நானூறு, நானூத்தி எம்பதுங்கறதெல்லாம் பெட்டி மேல எழுதற நம்பர்ம்மா. ஓடறப்ப வேற. பயர்வயர் நிக்காத பஸ்ஸு. உடுமலைல ஏறினா கோயமுத்தூர்லதான் எறங்கோணும். இந்த யூஎஸ்பி இருக்குதே, அது மாமனார் ஊட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை. தண்ணி குடிக்கோணும்னாலும் கம்ப்யூட்டரக் கேட்டுட்டுத்தான் குடிக்கும். கம்ப்யூட்டருக்கு வேற சோலி வந்துட்டா, படம் நடுவுல நின்னு போகும். பயர்வயர்ல நான் மௌச அமுக்கினாப் போதும், அங்க கேமராவுல கேசட்டு தானாப் பின்னால ஓடும். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும்.”

அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை குறுக்கே வருகிற அந்த டிரங்கால் ஆபரேட்டர் குரலில் சொன்னாள்:

“மூணு நிமிஷம் ஆச்சுங்க. எக்ஸ்டென்ஷன் வேணுங்களா?”

இப்படிப்பட்டவளிடம் மனம்விட்டுப் பேச முடியுமா?

ஜனவரி 22, வியாழன்

மாவு அரைத்து வந்தேன். சாயங்காலம் போன் மணி அடித்தது. அம்மா எடுத்தாள். யாரும் பேசவில்லையாம், வைத்துவிட்டாள். நான் பக்கத்தில் நின்றது தற்செயல். பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போயிருந்தேன்.

ஜனவரி 23, வெள்ளி

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. அவர் கேசட் வாங்க வாரா வாரம் கோயமுத்தூர் போகிறவர். காந்திபுரத்தில் எந்தக் கடையில் கேட்டாலும் பயர்வயர் கார்டும் கேபிளும் கிடைக்கும். ஒன்று வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது. வாங்கவில்லை என்று ஸ்டுடியோவுக்குப் பக்கத்து ஸ்டேஷனரிக் கடை விமலா போனில் சொன்னாள். (நான்தான் அவளுக்குப் போன் செய்தேன். என் தையல் மிஷினுக்கு எண்ணெய் போடச் சொல்வதற்காக.)

ஆக, நானூற்று எண்பதைக் கட்டிக்கொண்டு அழுவது என்று முடிவு செய்துவிட்டார். பிடிவாதம். முழங்கால் வலித்தாலும் டாக்டரிடம் போக மாட்டேன் என்கிற அதே பிடிவாதம்.

போன் மறுபடி அடித்தது. மறுபடி யாரும் பேசவில்லை. “லோக்கல் காலு மணி இப்படி அடிக்காது. இது எஸ்டிடி, வெளியூர்க் காலு” என்றாள் அம்மா. அதனால் எனக்கென்ன? எஸ்டிடி போட்டு யாரும் பேசாமல் இருப்பார்களா? எவனோ பைத்தியக்காரன்.

ஜனவரி 26, திங்கள்

இன்று மரகதம் அக்கா மகள் கோகிலவாணிக்குக் கல்யாணம். மரகதம் அக்கா கொப்பரைக் களம் வைத்திருக்கிறவர். அவர் வாய் திறந்தால் களத்துக் காக்கை எல்லாம் பறந்துவிடும். அவர் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் வீடியோ நாங்கள்தான். இதில் ஒரு பிசகு ஆனால் அடுத்த வைகாசி வரை எங்களுக்கு ஈ ஓட்டுகிற வேலைதான்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பெண் வீட்டார் ஒரு வீடியோ வைப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் ஒரு வீடியோ வைப்பார்கள். பெண்ணை எடுப்பவன் மாப்பிள்ளையை எடுக்க மாட்டான், மாப்பிள்ளையை எடுப்பவன் பெண்ணின் முதுகைத்தான் எடுப்பான். தாலி கட்டும்போது எதிரெதிராக நின்று இரண்டு பேரும் இடத்துக்கு முட்டிக்கொள்வார்கள். இந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளை பொள்ளாச்சி. அங்கிருந்து சம்பத் என்கிற பையன் வருகிறான். இடம் பிடிப்பதில் இவரிடம் யாரும் ஜெயித்ததில்லை. கையாலோ வாயாலோ இல்லை, அகலத்தால்.

முழங்கால் பெல்ட் பீரோவின் அடித்தட்டில், பழைய போர்வைக்குக் கீழே இருக்கிறது. அவருக்குத் தெரியாது. தேடிக்கொள்ளட்டும். மூன்று மணி நேரம் நிற்க வேண்டுமே என்று எனக்கு ஒன்றும் கவலை இல்லை. வீடியோக்காரர்களுக்குக் கடைசிப் பந்திதான். அதில் பாயசம் தீர்ந்திருக்கும். அதைப் பற்றியும் கவலை இல்லை.

ஜனவரி 27, செவ்வாய்

பேசாத போன் மறுபடி வந்தது. இந்த முறை அம்மா ரிசீவரை வைக்காமல், “மூணு நிமிஷம் ஆச்சுங்க. எக்ஸ்டென்ஷன் வேணுங்களா?” என்று கேட்டாள். அந்தப் பக்கம் டக்கென்று வைத்துவிட்டார்கள். அம்மா நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். வயசாகிவிட்டது அவளுக்கு.

ஜனவரி 30, வெள்ளி

எழுதிவிடலாம். யார் படிக்கப் போகிறார்கள்?

எனக்கு நானூறும் முக்கியமில்லை, நானூற்று எண்பதும் முக்கியமில்லை. “யாரு வேணா பண்ணலாம்” என்று அவன் சொன்னதற்கு இவர் சிரித்தாரே, அதுதான் நெஞ்சில் குத்திக்கொண்டு நிற்கிறது. எங்கள் பையன் நாமக்கல் பள்ளி விடுதிக்குப் போய்விட்டான். வீட்டில் சமைத்து முடிக்க அரை மணி நேரம் போதும். மீதி நேரமெல்லாம் நான் அந்த நாற்காலியில்தான் இருந்தேன். இவர் கண்ணால் பார்த்ததையெல்லாம் இரண்டாவது தடவை பார்த்தது நான். எந்தப் பெண் அழுவாள், எந்த மாமனார் மொய்க் கவரைப் பிரித்துப் பார்ப்பார், எல்லாம் எனக்குத் தெரியும். வயரைச் சொருகினால் தன்னால் ஏறிக்கொள்ளும், யார் வேண்டுமானாலும் பண்ணலாம் என்றால், அந்த நாற்காலியில் எனக்கு இனிமேல் என்ன வேலை? அங்கே வேலை இல்லை என்றால் இவர் வாழ்க்கையில்தான் எனக்கு என்ன வேலை?

எழுதியதும் அழுகை வந்தது. வெங்காயம் அரிந்து சமாளித்தேன். அம்மா, “இத்தன வெங்காயம் யாருக்கு?” என்றாள்.

பிப்ரவரி 2, திங்கள்

வெங்காய பஜ்ஜி. மூன்றாவது நாளாக.

பிப்ரவரி 4, புதன்

இன்று போன் பேசியது. ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தும் எனக்குக் கேட்டது. மரகதம் அக்கா.

“ஏம்மிணி, நீ எங்க போய் உக்காந்திருக்கற? என்ற புள்ள கல்யாணம் தீப்பெட்டி அளவுக்குத் தெரியுது! பெருசு பண்ணிப் பாத்தா மூஞ்சி எல்லாம் கட்டங்கட்டமா இருக்குது. மாப்பிள்ளைக்கு மீசை இருக்குதா இல்லையான்னே தெரியல. பதினாலாம் தேதி ரெண்டு பேரும் சிங்கப்பூர் போறாங்க. கையில சிடி வேணும். உன்ற ஊட்டுக்காரரக் கேட்டா, ‘நானூத்தி எம்பதுங்க’ங்கறாரு. என்னய்யா நானூத்தி எம்பது, கொப்பரை வெலையா?”

கேமராவின் யூஎஸ்பி ஓட்டை எதற்கென்று எனக்குத் தெரியும். போட்டோவை எடுக்கவும், கம்ப்யூட்டரில் மூஞ்சி பார்த்துப் பேசவும் வைத்த ஓட்டை அது. கேசட்டில் இருக்கிற முழுப் படம் அந்த வழியாக வரவே வராது. சிறுத்துப் போய், விட்டு விட்டுத்தான் வரும்.

ஆனால் கேசட் இருக்கிறதே. அதிலிருந்து என் கார்டில் மறுபடி ஏற்றினால் ஆயிற்று. நாளைக் காலை முதல் பஸ். சமாதானமாகப் போவதாக யாரும் நினைக்க வேண்டாம். தொழில் மரியாதைக்காகப் போகிறேன்.

அம்மா டப்பாவுக்கு ஒரு மூடி தேடிக் கொடுத்தாள்.

பிப்ரவரி 5, வியாழன்

உடுமலை. எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது என் நாற்காலி. பஸ்ஸில் சீட்டுப் பிடித்து வைப்பது போல அதன்மேல் இவருடைய துண்டு கிடந்தது. இவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அழுக்குத் துண்டு. எடுத்துத் துவைக்கப் போட்டேன்.

“வந்துட்டியா அம்மிணி” என்றார்.

“மரகதக்கா கேசட்டக் குடுங்க.”

கொடுத்தார். எங்கள் ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் உண்டு. கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்து, நான் முழுதும் பார்த்துச் சரி என்ற பிறகு, லேபிளில் பச்சை மையால் ஒரு டிக் போடுவேன். டிக் போட்ட கேசட் மறுபடி வேலைக்குப் போகலாம், அதன்மேல் அடுத்த விசேஷத்தை எடுக்கலாம். கேசட் விற்கிற விலைக்கு எல்லா ஸ்டுடியோவிலும் இப்படித்தான்.

இந்தக் கேசட்டில் பச்சை டிக் இருந்தது. நான் போட்டதில்லை. என் டிக் இடது பக்கம் வாலை நீட்டாது.

கேமராவில் போட்டு ஓட்டினேன். ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. ஆசாரி, தாய்மாமன் மடி, வாழைப்பழம். காதுகுத்து. முதலிலிருந்து கடைசி வரை காதுகுத்து. கோகிலவாணி கல்யாணம் எங்குமே இல்லை.

“கம்ப்யூட்டர்ல ஏறிருச்சே அம்மிணி. சின்னக் கட்டத்துல ஓட்டிப் பாத்தேன், நல்லாத்தான் தெரிஞ்சுது. அதான் டிக் போட்டேன்.”

“சின்னக் கட்டத்துல எல்லாமே நல்லாத்தான் தெரியும்.”

“வேகம் நானூத்தி எம்பதுன்னானே?”

“அது நம்ம கம்ப்யூட்டர்ல போட்ட கார்டுக்கு. கேமராவுல இருக்கறது பழைய ஓட்டை. இங்க ரோட்ட அகலம் பண்ணிட்டு, அங்க வாசல் சந்தா இருந்தா வண்டி எப்படி வரும்?”

“ரெண்டுலயும் வயரு ஒரே மாதிரி உள்ள போச்சே.”

வைய வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது ஒத்திகை எல்லாம் பார்த்து வைத்திருந்தேன். ஆனால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்ததும் வாய் வரவில்லை. ஒரு பெண்ணின் கல்யாணத்தையே அழித்துவிட்டோம். இதற்கு என்ன வசவு இருக்கிறது?

“வைய்யலியா?” என்று கேட்டார்.

“வஞ்சு என்ன ஆகப் போகுது?”

அவர் முகம் இன்னும் வாடிப்போனது. நான் வையாமல் விட்டதற்குச் சந்தோஷப்பட வேண்டியவர். எதற்கு இந்த ஏமாற்றம் என்று எனக்குப் புரியவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

கல்யாணம் முழுதாக இருக்கிற ஒரே இடம் பொள்ளாச்சி. சம்பத்தின் கேசட்.

எதிர்த் தரப்பு வீடியோக்காரனிடம் போய்க் கேசட் கேட்பதைப் போல ஒரு கேவலம் எங்கள் தொழிலில் கிடையாது. பைக்கில் போகும்போது இடது காலைக் கால்வைப்பில் மடக்கி வைக்க முடியாமல் நீட்டிக்கொண்டே ஓட்டினார். பெல்ட் போட்டிருக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

சம்பத் நல்ல பையன். அவனும் பயர்வயர்தான். கேசட்டை எடுத்து வைத்திருந்தான், கல்யாணப் பெண் மறுவீட்டுக்கு வந்து போகிற வரை அழிக்க மாட்டானாம். மொத்தக் கதையையும் கேட்டுவிட்டு இவரைப் பார்த்து, “நான் அப்பவே சொன்னனுங்ணா...” என்று ஆரம்பித்தான்.

“தம்பி, பக்கத்துல டீ நல்லா இருக்குமா?” என்று இவர் எழுந்து வெளியே போய்விட்டார். டீயைக் கண்டால் காத தூரம் ஓடுகிறவர்.

சம்பத் ஒரு நிபந்தனை போட்டான். இனிமேல் இரண்டு பேரும் சேர்ந்து எடுக்கிற முகூர்த்தங்களில் நல்ல இடத்தை அவனுக்கு விட்டுவிட்டு அண்ணன் இடது பக்கம் நிற்க வேண்டும். ஒத்துக்கொண்டேன். அண்ணன் சார்பில் ஒத்துக்கொள்ளும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று யோசிக்கவில்லை.

கேசட்டைக் கொடுக்கும்போது தலையைச் சொறிந்தான். “அக்கா, படத்துல அண்ணன் முதுகுதான் நெறைய இருக்கும். வெட்டிக்குங்க. அப்பறம்... சத்தத்தையும் சித்த பாத்துக்குங்க. என்ற மைக்கு கேமரா மேலயே இருக்குது. பக்கத்துல பேசறதெல்லாம் விழுந்திரும்.”

பிப்ரவரி 7, சனி

யூஎஸ்பி கார்டை நானே கழற்றினேன். டப்பாவிலிருந்து என் கார்டை எடுத்து மாட்டினேன். கேபிளைச் சொருகினேன். மௌஸை அமுக்கினேன். கேமராவுக்குள் கேசட் தானாகப் பின்னால் ஓடிப்போய் முதலில் நின்றது. இத்தனை நாள் கழித்தும் சொன்ன பேச்சைக் கேட்கிற ஒன்று இந்த வீட்டில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரக் கேசட் ஏற ஒரு மணி நேரம் ஆகும். ஏறும்போது ஒரு பிரேம்கூட விழாமல், படம் நடுவில் விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். இவர் பால் வாங்கப் போயிருந்தார்.

சம்பத் சொன்னது நிஜம். மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் மாமா, அப்புறம் என் வீட்டுக்காரரின் முதுகு. மணவறை, மேளக்காரர்கள், முதுகு. முதலில் எரிச்சலாக இருந்தது. எங்கே வெட்டலாம் என்று குறித்துக்கொண்டே வந்தேன்.

கொஞ்ச நேரத்தில் குறிப்பதை நிறுத்திவிட்டேன். ஒரு விஷயம் அப்போதுதான் உறைத்தது. இவர் எடுத்த எத்தனையோ கல்யாணங்களை நான் பார்த்திருக்கிறேன். இவர் எடுப்பதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எல்லாப் படத்திலும் இவர் கண்தான் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். இன்றுதான் ஆளைப் பார்க்கிறேன். பெல்ட் கிடைக்காமல் முழங்காலில் துண்டைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். காலை மாற்றி மாற்றி ஊன்றுகிறார். குறுக்கே வந்த ஒரு பெரியம்மாவை எப்படிப் பவ்யமாக ஒதுக்குகிறார்! கோகிலவாணி தன் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, கேமராவை அசைக்காமல் ஒரு கையால் இவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரிய வீரர். யார் வீட்டுப் பெண்ணுக்கோ அழுகிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பார்க்கப் பார்க்க ஆசையாகவும் இருந்தது.

அப்புறம் மேளம் ஓய்ந்தது. கல்யாணத்தை நடத்தி வைக்கிற அருமைக்காரர் மெதுவாகச் சீர் செய்துகொண்டிருந்தார். படத்தில் மாப்பிள்ளை வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். சம்பத் குரல் ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டது.

“அக்கா ஊர்ல இல்லீங்களாண்ணா?”

“தாராபுரம் போயிருக்குது. அவங்கம்மாவப் பாக்க.”

“கார்டு, கேபிளு எல்லாம் எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு சொன்னாங்க.”

“ஆமா.”

“என்கிட்ட ஒரு செட்டு சும்மா கெடக்குதுங்ணா. நாளைக்கே வந்து மாட்டி உட்டர்றேன். அக்கா வந்ததும் திருப்பிக் குடுங்க.”

“வேண்டாந் தம்பி.”

“பின்ன இத எதுலதான் ஏத்துவீங்க?”

“புதுசு இருக்குதில்ல, அதுலதான்.”

“அது சரிப்பட்டு வராதுன்னு சொல்றாங்களேண்ணா. அக்காளுக்குத் தெரிஞ்சா வையும்.”

“வையட்டும். வையறதுக்காச்சும் வருமல்ல? உன்ற கார்ட வாங்கி மாட்டிட்டேன்னா, அது திரும்பி வர்றதுக்கு அங்க என்ன இருக்குது?”

மாப்பிள்ளை மறுபடி வியர்வையைத் துடைத்தான். யாரோ தேங்காயை உருட்டினார்கள்.

“போன் பண்ணிப் பேசுங்களேண்ணா.”

“தெனமும் பண்றேன். அவங்கம்மா எடுத்தர்றாங்க. என்னன்னு சொல்றது? அந்த டைக்காரன் என்னமோ சொன்னான், நானும் பேக்காட்டம் சிரிச்சுட்டேன். அப்பவே அது மூஞ்சி போச்சு. அதப் போன்ல எப்படிச் சொல்றது... இந்தா, தாலி எடுத்துட்டாங்க, தள்ளு தள்ளு.”

கெட்டிமேளம். படம் முழுக்க அவர் முதுகு.

நான் ஏற்றுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பிரேம் விழும். திரையைப் பார்த்துக்கொண்டே அழுதேன். வெங்காயம் கிங்காயம் எதுவும் இல்லாமல், அப்படியே அழுதேன். திரும்பி வருவதற்கு என்ன இருக்கிறதாம். கேட்கிற கேள்வியைப் பார். இவ்வளவு அகலமாக ஓர் ஆள் அங்கே இருக்கிறார், அது கண்ணுக்குத் தெரியவில்லை.

பால் வாங்கிக்கொண்டு வந்தார். “ஏறிருச்சா?” என்றார்.

“ஏறிருச்சுங்க. ஒரு பிரேமும் உழுகல.”

“அப்ப நானூறுதான் பெருசு.”

“நானூத்தி எம்பதுதான் பெருசு. கணக்குப்படி.”

மூஞ்சியைக் கழுவிக்கொண்டு வந்து வேலையை ஆரம்பித்தேன். அந்தப் பேச்சு இருந்த இடம் முழுதும் நாதஸ்வரத்தை எடுத்து மேலே போட்டேன். வாடிக்கையாளர் கேட்க வேண்டியதில்லை. பேச்சை மட்டும் தனியாக வெட்டி, ஹார்டு டிஸ்க்கில் வேறு பெயரில் வைத்திருக்கிறேன். இந்த டைரியில்கூட அந்தப் பெயரை எழுத மாட்டேன். கேட்டேன் என்று அவரிடமும் சொல்லப் போவதில்லை. சொன்னால் ஒரு வாரத்துக்குத் தலை நிமிர மாட்டார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மரகதம் அக்கா வந்து சிடியைப் போட்டுப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு மீசை இருந்ததில் அவருக்கு ஏகத் திருப்தி. “எல்லாஞ் செரி அம்மிணி, ஆனா உன்ற ஊட்டுக்காரரும் எல்லாத்துலயும் வர்றாரே?” என்றார். கூடிய மட்டும் வெட்டிவிட்டேன் என்று சொன்னேன். அது பொய். கூடிய மட்டும் வைத்திருக்கிறேன்.

அக்கா போனதும் பீரோவின் அடித்தட்டிலிருந்து முழங்கால் பெல்ட்டை எடுத்து வந்து இவர் முன்னால் போட்டேன். பிறகு ஆரம்பித்தேன். பெல்ட்டைத் தேடத் தெரியாததற்கு ஒன்று. டப்பாவுக்கு மூடி போடாததற்கு ஒன்று. என் பச்சைப் பேனாவைத் தொட்டதற்கு ஒன்று. டை கட்டியவன் எதைச் சொன்னாலும் பல்லைக் காட்டுவதற்கு ஒன்று. தாராபுரத்தில் ஒத்திகை பார்த்தது, பஸ்ஸில் ஒத்திகை பார்த்தது, வியாழக்கிழமை விழுங்கியது, எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். பக்கத்துக் கடை விமலா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து காப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்தார். முகம் மாப்பிள்ளையைவிடப் பிரகாசமாக இருந்தது. நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் டம்ளரைக் கீழே வைத்தார்.

“அவ்வளவுதானா அம்மிணி?”

“இன்னும் நெறைய இருக்குது. உக்காருங்க.”